குறிஞ்சா இலையும் ஒரு கரண்டி சீனியும்

பாமசிகளில் வேலை பழகிக்கொண்டே வெளிவாரிப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு, திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். அரச வைத்தியசாலையில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய வேலை இது. டவுனிலிருந்தும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கமிருந்தும் வருகிறார்கள். மருந்தளவுக் கணக்கு, சட்டம், களஞ்சியப் பதிவு எல்லாம் ஒருமாதிரி ஓடிவிடும். மூலிகைகளும் இயற்கை மருந்துப் பொருள்களும் என்ற பகுதிக்கு வந்தால்தான் வகுப்பு தூங்கத் தொடங்கும்.

தூங்காமல் என்ன செய்யும்? கைமாறிக் கைமாறி வந்த நோட்ஸில் அது வெறும் ஒரு அட்டவணை. முதல் நிரலில் லத்தீன் பெயர், அடுத்ததில் குடும்பம், பிறகு பயன்படும் பாகம், வேதிப்பொருள், பயன். "ரவுவோல்பியா சேர்ப்பென்டினா, வேர், ரெசேர்ப்பீன், உயர் இரத்த அழுத்தம்" என்று மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். அது நம்முடைய சர்ப்பகந்தா என்றோ, செடி எந்த உயரம் வளரும் என்றோ ஒருவருக்கும் தெரியாது. "தெரிஞ்சு என்ன மிஸ், இப்ப ரெசேர்ப்பீன் ஆர் எழுதுறாங்க?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான்.

அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். மருந்தாளர் மூலிகை படிப்பது வைத்தியம் பார்க்க இல்லை. அதற்குச் சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியர்கள் இருக்கிறார்கள். கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கிற ஆள், கையிலிருக்கிற துண்டில் எழுதாத எதையோ வீட்டில் அவித்துக் குடித்துவிட்டுத்தான் வந்திருப்பார். எங்கள் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான். அது என்ன, எவ்வளவு, எத்தனை நாளாக என்று முகம் சுளிக்காமல் கேட்கத் தெரிய வேண்டும். கேட்டு வருகிற பதில் விளங்க வேண்டும். "குறிஞ்சா", "மரமஞ்சள்", "கீழ்காய்நெல்லி" என்று அவர் சொல்லும்போது பெயரையே முதல் தரம் கேட்கிற மாதிரி முழித்தால், அந்த ஆள் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நான் பாமசித் தட்டிலிருந்து தொடங்குகிறேன். முதல் வகுப்புக்கு ஒவ்வொருவரும் தாங்கள் தினமும் எடுத்துக் கொடுக்கிற மருந்துகளின் வெறும் பெட்டிகளைக் கொண்டுவர வேண்டும். மேசையில் பரப்பி, செடியிலிருந்து வந்தது, விலங்கிலிருந்து வந்தது, இரண்டிலும் இல்லாதது என்று பிரிக்கச் சொல்வேன். சென்னா குளிசை எல்லோருக்கும் தெரியும். இதய மருந்தான டிஜொக்சினில் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் எழுதி வைத்த அந்த நரிக்கையுறைச் செடியின் இனத்தில் ஒன்றிலிருந்துதான் இன்றைக்கும் அதைப் பிரித்தெடுக்கிறார்கள் என்றால் நம்ப மாட்டார்கள். நீரிழிவுக்குக் கொடுக்கிற மெற்போமின் பெட்டியைத் தயங்காமல் மூன்றாவது குவியலில் போடுவார்கள். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியைச் சலம் அதிகம் போகிறவர்களுக்குக் கொடுத்து வந்தார்கள். அதிலுள்ள கலெஜின் சீனியைக் குறைக்கும், ஆனால் நஞ்சு. அந்த இரசாயன வழியில் போய்ச் சேர்ந்த பொருள்தான் மெற்போமின். ஜான் ஸ்டேர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை வெளியிட்டார். இவ்வளவும் சொன்ன பிறகு அந்தப் பெட்டியை எந்தக் குவியலில் வைப்பது என்று சண்டை வரும். வரட்டும் என்றுதான் விடுவேன்.

புரோம்ஹெக்சின் பெட்டியை எடுத்ததும் எல்லோரையும் எழுப்பி வேலிக்கரைக்குக் கூட்டிப்போவேன். அங்கே நிற்கிறது ஆடாதோடை. அதன் இலையிலுள்ள வாசிசீனைப் பார்த்துச் செய்யப்பட்ட மருந்துதான் புரோம்ஹெக்சின். 1963இல் விற்பனைக்கு வந்தது. அது உடம்புக்குள் போய் மாறி வருகிற அம்புரொக்சோலையும் பிறகு தனி மருந்தாக்கினார்கள். சளிக்கு என்று அம்மம்மா அவித்துத் தந்ததும் பிள்ளை இன்று போத்தலில் ஊற்றிக் கொடுப்பதும் ஒரே குடும்பம். ஆனால் வாசிசீன் கருப்பையைச் சுருங்க வைக்கக்கூடியது. கர்ப்பிணிப் பெண் இருமலுக்கு ஆடாதோடைக் குடிநீர் குடிக்கிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒரு சின்னச் செய்தி: கோட்டைப் பக்கத்து மான்கள் டவுனுக்குள் சுற்றித் திரிந்து கைக்கு எட்டிய பச்சை எல்லாவற்றையும், போதாததற்குக் கடைப் பைகளையும் மேய்ந்துவிடும். ஆடாதோடையில் வாய் வைத்ததை நான் இதுவரை காணவில்லை.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது குறிஞ்சா வகுப்பு. சந்தையில் மரக்கறி விற்கிற எந்த அம்மாவிடமும் குறிஞ்சா இலை கட்டாகக் கிடைக்கும். வறையும் சொதியும் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆளுக்கு ஒரு கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேசிக்காய்த் துண்டு, அரைக் கோப்பை சீனி போட்ட பிளேன் ரீ. முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை ருசி பார்த்து எழுத வேண்டும். பிறகு பச்சை இலை இரண்டை வாயில் போட்டு, விழுங்காமல், நாக்கு முழுக்கப் படுகிற மாதிரி ஒரு நிமிடம் மெல்ல வேண்டும். முகங்கள் கோணும். துப்பி, வாயைக் கொப்புளித்துவிட்டு, இப்போது சீனி.

"மிஸ், மண் மாதிரி இருக்கு!"

பற்களுக்கிடையில் நெறுநெறு என்று அரைபடும், ஒரு பொட்டு இனிப்பும் இருக்காது. பிளேன் ரீயைக் குடித்தால் சாயத்தின் துவர்ப்பு மட்டும்தான் வரும். முதல் தடவை நான் சீனியும் தேநீரும்தான் வைத்திருந்தேன். உப்பையும் தேசிக்காயையும் வைத்துப் பார்க்கச் சொன்னது கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி. "நாக்கே மரத்துப்போச்சுதோ, இல்லாட்டி இனிப்பு மட்டுந்தான் போச்சுதோ எண்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். உப்பு கரித்தது, தேசிக்காய் புளித்தது. போனது இனிப்பு மட்டும்தான். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணர்கிற வாங்கியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அரை மணி நேரத்துக்குக் கிட்ட அப்படியே இருந்து மெல்ல விலகும். வாங்கி, அடைப்பான், எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று மருந்தியல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டதெல்லாம் இப்போது அவர்களுடைய வாயிலேயே நடக்கிறது. அட்டவணையில் "குறிஞ்சா – ஜிம்னெமிக் அமிலம் – நீரிழிவு" என்ற வரியை அதற்குப் பிறகு யாரும் பாடமாக்கத் தேவையில்லை.

ஆனால் அங்கேதான் நான் அவர்களை நிறுத்துவேன். நாக்கில் இனிப்புப் போனால் இரத்தத்தில் சீனி குறையுமா? உடனே ஓம் என்று தலையாட்டுவார்கள். இரண்டும் வேறு. குறிஞ்சா இரத்தச் சீனியைக் குறைக்கிறதா என்று மனிதர்களில் செய்த ஆய்வுகள் உண்டு. நம்பிக்கை தரும் முடிவுகளும் உண்டு. ஆனால் சிறிய ஆய்வுகள். அதை நம்பி ஒருவர் குளிசையை நிறுத்த இடமில்லை. கிழமைக்கு ஒரு தரம் வறை சாப்பிடுகிறவரைப் பற்றி நமக்குக் கவலையும் இல்லை. கிளிக்ளசைடும் மெற்போமினும் எடுத்துக்கொண்டு, மேலதிகமாகக் குறிஞ்சாத் தூள் அடைத்த கூடுகளையும் (கப்சியூல்) யாரோ சொன்னதாக விழுங்குகிறவர்தான் நம்முடைய ஆள். சீனி மட்டுமீறி இறங்குகிறதா என்று அறிய, அவரிடம் "விடியப்புறம் வியர்க்குதா, கை நடுங்குதா" என்று கேட்க வேண்டும். கோதலஹிம்புட்டு மரத்தில் கடைந்த கோப்பையும் இதே கதைதான். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிற அந்தக் கோப்பை பல வீடுகளில் உண்டு. அதன் சலசினோல் என்ற பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் விபரித்தார்கள். மாச்சத்துச் செரிப்பதைத் தாமதமாக்கும், அகார்போஸ் குளிசை செய்கிற அதே வேலை. இரண்டும் சேர்ந்தால் வயிறு ஊதுகிறது என்று சொல்லிக்கொண்டு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) கேட்டு வருவார்கள். ஜீவனியைக் கொடுத்து அனுப்பிவிட்டால் கதை தெரியாமலே போய்விடும்.

சீனி வருத்தத்துக்கு என்று பட்டிப்பூ இலையையும் அவிக்கிறார்கள். நித்தியகல்யாணி என்று எழுதினால் சிலருக்கு விளங்கும். சாம்பல்தீவிலிருந்து நிலாவெளி போகிற வழியில் மணலில் தானாகவே பூத்துக் கிடக்கிற இளஞ்சிவப்புப் பூதான். இதன் கதையை எந்த வகுப்பிலும் விட மாட்டேன். ஜமேக்காவிலும் சீனிக்கு என்று இதைத்தான் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்து 25 இலைகள் கனடாவுக்கு ஒரு கடித உறையில் போயின. ரொபேர்ட் நோபிள் என்பவர் ஆய்வுகூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாயால் கொடுத்தபோது சீனி அசையவே இல்லை. ஊசியால் ஏற்றியபோது எலிகள் கிருமித்தொற்றில் செத்தன, ஏனென்றால் வெண்குருதிக் கலங்கள் விழுந்துவிட்டன. சீனி மருந்து தேடிய இடத்தில் வின்பிளாஸ்ரின் கிடைத்தது. அடுத்து வின்கிறிஸ்ரின் வந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் கொடுக்கிறார்கள். கதையைக் கேட்ட பிள்ளைகள் ஆகா என்கிறார்கள். "சரி, அப்ப தினமும் இதை அவிச்சுக் குடிக்கிற ஆளுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டால் அமைதி. சீனியை அசைக்கவில்லை, வெண்குருதிக் கலங்களை இறக்கியது என்பதுதானே அந்த எலிகள் சொன்னது.

மாரி தொடங்கி முதல் மழைக்குப் பிறகு கீழ்காய்நெல்லி முளைக்கும். அப்போது ஒரு வேலை கொடுப்பேன்: வீட்டு வளவிலிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்டு வாருங்கள். கொண்டுவந்ததைப் பழைய பேப்பரில் பரப்பினால் எல்லாமே கீழ்காய்நெல்லிதான் என்று சத்தியம் பண்ணுவார்கள். கைவில்லையைக் கொடுத்துக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வேன். ஒன்றில் காய் வழுவழு என்று, சின்னக் காம்பில் இலைக்குக் கீழே தொங்கும். இன்னொன்றில் காய் காம்பில்லாமல் தண்டோடு ஒட்டி, மேலெல்லாம் சொரசொர என்று, தண்டும் சிவந்திருக்கும். மூன்றாவதில் இலைகள் இறகு மாதிரிக் கிளையில் அடுக்காக இல்லாமல் தண்டு முழுக்க ஏறிப்போகும். மூன்றும் பிலாந்தஸ் இனம்தான், ஆனால் மூன்றும் வேறு வேறு. பிறகு சந்தைப் பக்கத்து மருந்துச் சரக்குக் கடையில் வாங்கிய காய்ந்த கட்டையும் அவிழ்ப்போம். அதில் மூன்றும் இருக்கும், புல்லும் இருக்கும். கடை ஐயா கோபிப்பதில்லை. "காட்டால கட்டி வாறதைத்தானே நான் விக்கிறன்" என்பார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறவர்களுக்குப் பெல்ஜியக் கதையைச் சொல்வேன். 1990களின் தொடக்கத்தில் அங்கே மெலிவதற்கென்று கொடுத்த சீன மூலிகைக் கூடுகளில் ஸ்டெபானியா என்ற வேருக்குப் பதிலாக, பெயர் கிட்டத்தட்ட ஒத்துப்போன அரிஸ்டோலோக்கியா வேர் போய்விட்டது. பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பிறகு சலப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த இனத்துச் செடிகள் நம் ஊரிலும் உண்டு: ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி. வடமத்திய மாகாண எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்குச் சிறுநீரக நோயாளிகள் புதிதில்லை. அவர்களிடம் வேர், பட்டை என்று ஏதாவது எடுக்கிறார்களா என்று கேட்டே ஆக வேண்டும். விளிம்பிக்காயையும் காமரங்காயையும் சாறாகப் பிழிந்து குடிக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்வேன். அதிலுள்ள ஒட்சலேற்று நல்ல சிறுநீரகத்தையே கெடுத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

கீழ்காய்நெல்லியைப் பற்றி இன்னும் கொஞ்சம். செங்கமாரிக் கிருமியான ஹெபரைரிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க், இந்தச் செடியில் ஆர்வம் கொண்டு சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்தார். செடி வேலை செய்கிறது என்று 1988இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வந்த அவர்களுடைய முடிவு பெரிய பரபரப்பு. பிறகு வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆக, "நோபல் பரிசுக்காரரே ஒத்துக்கொண்ட மருந்து" என்று சொல்கிற ஆளுக்கும், "எல்லாம் சும்மா" என்று சொல்கிற ஆளுக்கும் கதையின் பாதிதான் தெரியும். கவுண்டரில் நமக்கு வேண்டியது இன்னொன்று. சாப்பாட்டால் தண்ணீரால் வருகிற செங்கமாரி பெரும்பாலும் சில கிழமைகளில் தானே மாறும். பெயர் செடிக்குப் போய்விடும். ஆனால் தம்பலகாமத்து வயலில் நின்றவர் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, மஞ்சள் கண் என்று வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அவருக்குச் செடியும் வேண்டாம், பனடோலும் வேண்டாம், முச்சக்கர வண்டியைப் பிடித்து ஆசுப்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

விலங்குப் பொருள்கள் பற்றிப் பேசும்போது வகுப்பு வேறு மாதிரிச் சூடாகும். கூட்டில் அடைத்து வருகிற மருந்தின் கூடு ஜெலற்றின். மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். ஹெப்பரின் பன்றிக்குடலின் உட்தோலிலிருந்து எடுப்பது; இனொக்சபரினும் அதிலிருந்துதான். மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு வாப்பா கூட்டைக் காட்டி "இது என்னத்தில செஞ்சது?" என்று கேட்டால், தெரியாது என்று தப்புவதும், "ஒண்டுமில்லை, குடிங்க" என்பதும் எனக்குச் சம்மதமில்லை. லேபிளைப் பார்க்க வேண்டும், தாவர நாரில் செய்த கூடு உண்டா, குளிசையாக உண்டா என்று தேட வேண்டும், உயிருக்கு அவசரமானது என்றால் அதையும் திறந்து சொல்ல வேண்டும். மாமிசம் தொடாத சைவ வீட்டாருக்கும் இதே மரியாதைதான். இன்சுலினையும் கேட்பார்கள். முந்தி மாட்டிலும் பன்றியிலுமிருந்து எடுத்தது உண்மை. இப்போது நம் கையில் வருவது நுண்ணுயிர்களில் உண்டாக்கிய மனித இன்சுலின்.

அன்றைக்கே கடப்பாசியும் வரும். நோன்பு காலத்தில் பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சி, தட்டில் ஆறவிட்டு வெட்டுகிற அதே கடப்பாசி. ஒரு பிள்ளை வீட்டில் செய்து கொண்டுவந்தாள்; பாடம் தொடங்க முதலே பாதி முடிந்துவிட்டது. ஜெலற்றின் துண்டு விறாந்தை வெயிலில் இளகி ஓடும்போது இது அசையாமல் நிற்கும். 1881இல் ஜேர்மனியில் றொபேர்ட் கொக் என்ற கிருமியியல் அறிஞரின் ஆய்வுகூடத்தில் கிருமி வளர்த்தவர்களுக்கும் இதுதான் தலையிடி: ஜெலற்றின் சூட்டில் உருகியது, கிருமிகளே அதைத் தின்றும் கரைத்தன. பானி ஹெசே என்ற பெண், தன் சமையலறையில் பழப்பாகு இறுக வைக்கிற அகாரை, அதாவது இதே கடப்பாசியை, போட்டுப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் கிருமி வளர்வது இந்தப் பாசியில்தான். அவர் பெயரை நோட்ஸில் நான் காணவில்லை. இப்போது எல்லோருடைய கொப்பியிலும் இருக்கிறது.

மலேரியா மருந்தான குயினைன் பற்றி அரைப் பக்கம்தான் எடுப்பேன், ஆனால் நம் துறைமுகத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1861இல் ஹக்கலையில், குயினைன் எடுக்கிற சின்கோனா மரம் வளர்க்கத்தான் தோட்டம் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது உலகக் குயினைனின் பெரும்பகுதி ஜாவாவில் விளைந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பான் கைக்குப் போனது, ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு விழுந்தது. காட்டு நுளம்புக்கு நடுவில் குயினைன் தட்டுப்பாட்டோடு இருந்த ஊர் இது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிள்ளைகளில் பலருக்கு மலேரியா என்றால் பாடப்புத்தகத்தில் மட்டும் உள்ள நோய்.

இந்த முறை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற இரண்டு பேரையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டேன். எட்டிக்கொட்டையை மேசையில் வைத்தோம்: தட்டையாக, சட்டைப் பொத்தான் அளவில், மேலே பட்டு மயிர். என் பிள்ளைகள் ஸ்றிக்னின், வலிப்பு, மரணம் என்றார்கள். அவர்கள் பாலில் அவித்துச் சுத்தி செய்கிற முறையைச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் ஸ்றிக்னின் குறைகிறது என்று ஆய்வுகூடங்களிலும் அளந்திருக்கிறார்கள். எவ்வளவு குறைந்தது என்று ஒவ்வொரு தரமும் எப்படித் தெரியும் என்பதில் வாக்குவாதம் ஆரம்பித்து, தேநீர் ஆறும்வரை போனது. கார்த்திகைக் கிழங்கில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கருத்து. வற்றாளைக் கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் இந்த நாட்டில் உண்டு. அந்தக் கிழங்கின் நஞ்சான கொல்சிசின்தான் முடக்குவாதம் மாதிரிக் கால் பெருவிரலைப் பிடிக்கிற கவுட்டுக்கு அரை மில்லிகிராம் குளிசையாக நம் தட்டில் இருக்கிறது. கொல்சிசினை உடம்பில் தேங்கவைக்கிற கிருமிகொல்லியான கிளாரித்ரோமைசின் எழுதிய துண்டோடு ஒருவர் வந்தால், கொல்சிசின் எடுக்கிறாரா என்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

அடுத்த மாதம் தேத்தாங்கொட்டை வகுப்பு. எட்டியின் அதே இனம், ஆனால் இதைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால் சேறு அடியில் படிந்துவிடும். இரண்டு கண்ணாடிச் சாடிகள், குளத்துத் தண்ணீர், பக்கத்தில் படிகாரம் போட்ட இன்னொரு சாடி, மணிக்கூடு எல்லாம் தயார். கொட்டைதான் இல்லை. சரக்குக் கடையில் இருந்தது பழையது, பூச்சி அரித்தது. கன்னியாப் பக்கமோ கட்டைபறிச்சான் பக்கமோ வளவில் தேத்தா மரம் நிற்கிறவர்கள் ஒரு கைப்பிடி எடுத்து வைத்தால், கிழமை நாளில் யாராவது ஒரு பிள்ளையை அனுப்பி வாங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து காயோடு ஒரு இலைக் கொப்பையும் சேர்த்துத் தாருங்கள். எட்டியா தேத்தாவா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவோம்.